அம்மா நம்பிய ஆஸ்பத்திரி

புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் பின்னால், காய்கறி மார்க்கெட்டைத் தாண்டியதும் ஒரு சின்ன முனிசிபல் ஆஸ்பத்திரி இருந்தது. எங்களைப் போலக் கோயமுத்தூரிலிருந்து வந்த குடும்பங்கள் எதுவும் அதற்குள் கால் வைத்ததில்லை. சளி, காய்ச்சல் என்றால் முக்கில் இருந்த தனியார் கிளினிக். பிரசவம், ஆபரேஷன் என்றால் ஊருக்கு டிக்கெட். வைத்தியத்துக்காக அத்தனை தூரம் ரயிலில் போவதை எங்கள் ஆட்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா தொழிற்சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கூட வேலை செய்த மராட்டியர்கள் அந்த முனிசிபல் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப் போனார்கள். மாரடைப்பு, அசையாமல் இங்கேயே படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குள் எதிர்வீட்டு மாமா டிக்கெட்டோடு வந்துவிட்டார்.

"முனிசிபல் ஆஸ்பத்திரில கெடந்து சாகறதுக்கா இத்தன தூரம் வந்தோம்? கெளம்புங்க, நம்மூர்ல பாத்துக்கலாம்."

வலி குறைந்துவிட்டது என்று அப்பாவும் எழுந்து உட்கார்ந்தார். அம்மா டாக்டர் முகத்தையும் மாமா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தெரிந்த முகத்தை நம்பினாள். ரயில் சோலாப்பூர் வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அம்மா வேறு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. அவளுடைய சர்க்கரை, என் காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அந்த முனிசிபல் ஆஸ்பத்திரிதான். வரிசையில் நிற்பாள், அரைகுறை மராத்தியில் நர்ஸ்களோடு மல்லுக்கட்டுவாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வார்டு ஆபீஸ் வரை போய்க் கத்திவிட்டு வருவாள்.

"நாமெல்லாம் போகாம ஒதுங்கி நின்னா அது எப்புடீங்க உருப்படும்?" என்று வீடு வீடாகக் கேட்பாள். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூடப் போனாள். இன்னொருத்தி கண்ணைக் காட்டப் போனாள். இப்படியே நாலைந்து குடும்பங்களுக்குப் பயம் தெளிந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, தேர்தல் நெருங்கிய சமயத்தில் நம்மூர்க் கவுன்சிலர் மாதிரியான வார்டு கார்ப்பரேட்டர் சொசைட்டி மீட்டிங்குக்கு வந்து, தன் நிதியில் என்ன செய்து தரட்டும் என்று கேட்டார். வாசலில் ஒரு அலங்கார வளைவு என்றார்கள் எல்லோரும். அம்மா மட்டும் எழுந்து, ஆஸ்பத்திரியில் இருதய மெஷின் கெட்டுக் கிடக்கிறது, அதைக் கேட்போம் என்றாள். அது சொசைட்டி விஷயம் இல்லை என்று செயலாளர் அவளை உட்காரச் சொன்னார்.

"நெஞ்சு வலிச்சா வளைவுக்குக் கீழ போயா படுக்கறது?"

தமிழில் கேட்டதால் பலருக்குப் புரியவில்லை. புரிந்தவர்களும் வளைவுக்குத்தான் கை தூக்கினார்கள். அம்மா தனியாக வார்டு ஆபீசுக்குப் போய்ப் பேசினாள். சீக்கிரமே ரிப்பேர் செய்துவிடுகிறோம் என்றார்கள். நம்பிவிட்டு வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கே நெஞ்சு வலித்தது. நான் அப்போது புனேயில் மகர்பட்டாவில் ஐ.டி. வேலையில் இருந்தேன். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"உங்கப்பன வண்டீல ஏத்துன மாதிரி என்னைய அலைய வெக்காத கண்ணு. இங்கயே போலாம்."

அழுதுகொண்டே கூட்டிப்போனேன். மெஷின் மேல் இன்னும் துணி போர்த்தியிருந்தது. பணியிலிருந்த டாக்டர் நல்ல மனுஷன். கையில் இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, வேறு இடத்துக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்கு மறுபடி மறுபடி போன் செய்தார். அது வருவதற்குள் அம்மாவும் போய்விட்டாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அழுதார்கள். அழுது முடித்ததும் கேட்டார்கள்: "படிச்ச புள்ள, அம்மாவ அங்கயா கொண்டுபோன?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அன்றைக்கு எழுந்து கேட்டபோது நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள் என்று கத்தத் தோன்றியது. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது மாடியில் மாசமாக இருந்த பெண்ணைப் பிரசவத்துக்கு அங்கே பதிய வைத்ததே அம்மாதான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நான் இனிமே அங்க போகல. பயமா இருக்கு."

பரவாயில்லை என்றேன். அம்மா போனதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். அவள் வருஷக்கணக்காக வீடு வீடாகப் போய்ச் சொன்னதெல்லாம் அவள் சாவாலேயே பொய்யாகிப் போனதை இன்றுவரை தாங்க முடியவில்லை.