ஸ்பெயின் அணிக்கு நான் தெரிவு செய்தவர்

ஸ்பெயின் நாட்டின் தேசிய உதைபந்தாட்ட அணிக்கு ஒருவரைத் தெரிவு செய்யும் அதிகாரம் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை எனக்குக் கிடைத்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அதற்கு ஒரு நீலப் பேனையும் கோடு போட்ட தாளும் போதுமாயிருந்தன.

அவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் நாங்கள் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நான்கு பேர். கீழே அந்தோனியோ தனியாக இருந்தார். முப்பத்தாறு வயது. ஸ்பெயினில் முன்கள வீரராக ஆடியவர். கடைசியாக மொன்றியலில் ஒரு கழகத்துக்கு ஆட வந்து, முதற் கோடையிலேயே முழங்கால் பழுதாகி, பிறகு ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஒரு பேக்கரியின் பாண் வான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவர் யாரென்று கண்டுபிடித்தவர் சித்தப்பா. பூங்காவில் பிள்ளைகள் தவறவிட்ட பந்து ஒன்று அந்தோனியோவின் பக்கம் உருண்டு வந்ததாம். அவர் ஒரு கையில் பாலும் மறு கையில் முட்டைப் பெட்டியுமாக நின்றபடியே அதைக் காலால் நிறுத்தித் திருப்பி அனுப்பினாராம். பந்து போன விதத்தைப் பார்த்ததும் சித்தப்பா பின்னாலேயே நடந்து வந்து, அவர் எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நுழைவதைக் கண்டு திகைத்துப் போனார். யாழ்ப்பாணத்தில் பங்குக் கோவில் அணிக்கு ஆடியவர் சித்தப்பா. இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, அந்தோனியோவுக்கு ஆங்கிலம் வராது. ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் எங்கள் மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் தேத்தண்ணிக் கோப்பைகளையும் ஆட்டக்காரர்களாக வைத்து நகர்த்தி நகர்த்தி மணிக்கணக்காகக் கதைத்தார்கள். போத்தல்களால் சொல்ல முடியாததை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள்.

சித்தப்பா அவரை அந்தோனி அண்ணை என்றார். அம்மாவுக்குப் புனிதரைச் சொல்வதுபோல அந்தோனியார் என்று வாயில் வந்துவிடும். உடனே சிலுவை போட்டுக்கொள்வா.

தமிழ்க் கடையில் சித்தப்பா முதலில் சொன்னது, “எங்கட கீழ்வீட்டில ஸ்பெயினில விளையாடின ஆள் இருக்கிறார்” என்றுதான். கடைக்காரர் வாயில் அது “ஸ்பெயினுக்கு விளையாடின ஆள்” ஆயிற்று. ஒரேயொரு வேற்றுமை உருபுதான் மாறியது. சித்தப்பா அதைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு அவர் கடைக்குள் நுழையும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னே வந்ததென்று அப்பா சொல்லிச் சிரிப்பார். நானும் அந்த உருபை அப்படியே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன்.

அந்த வருடக் கோடையில் உலகக் கிண்ணம் வர இருந்தது. பனி கரையத் தொடங்கிய நாட்களில் அந்தோனியோ படியேறி வந்து என்னிடம் ஓர் உதவி கேட்டார். ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் ஓர் உள்ளரங்கில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்க ஆள் தேடுகிறார்கள். எங்கெங்கே எந்தக் காலத்தில் ஆடினார் என்று பிரெஞ்சில் எழுதித் தரவேண்டும். அவர் பிரெஞ்சு பேசுவார், எழுத வராது. வகுப்பில் பிரெஞ்சு எழுத்தில் நான் முதலாவது என்பதைச் சித்தப்பா உப்புப் போத்தல் இல்லாமலே அவருக்கு விளங்கப்படுத்தியிருந்தார்.

மூன்று சனிக்கிழமைகள், எங்கள் சமையலறை மேசையில் எழுதினோம். அவர் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பத்திரிகைத் துண்டுகளும் படங்களும் கொண்டுவந்தார். என்னை ‘மதாம் செக்ரெத்தேர்’ என்று கூப்பிட்டார். ஒரு காரியதரிசிக்குரிய மரியாதையோடு நானும் முதுகை நிமிர்த்தி இருந்தேன்.

வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஊர் அணி. அங்கே அடித்த கோல்களைப் பார்த்து இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று கூட்டிப்போனது. நான்கு வருடங்களின் பின் முதலாம் பிரிவில் ஒரே ஒரு பருவம். அதிலும் பெரும்பாலும் மாற்று வீரர்களின் வாங்கில்தான் இருந்தாராம். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மாற்று வீரராக இறங்குவார். அந்தப் பருவம் முழுவதிலும் அவர் அடித்தது ஒரு கோல். அதுவும் மூலையிலிருந்து வந்த பந்து தோளில் பட்டுப் போனது.

“யார் என்னைத் தள்ளினது என்று திரும்பிப் பார்த்தேன்” என்று அவர் சொன்னார். “ஒருவரும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், பந்து வலைக்குள்.”

சொல்லிவிட்டு மேசையில் தட்டிச் சிரித்தார். சித்தப்பா கதை விளங்கும் முன்னரே சிரித்தார். அதன் பிறகு எல்லாம் இறக்கம். மறுபடியும் இரண்டாம் பிரிவு, பிறகு மூன்றாம் பிரிவு, போர்த்துக்கலில் ஒரு சின்ன ஊர், கடல் கடந்து மொன்றியல், முழங்கால். எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். வாங்கில் இருந்ததையும் எழுதச் சொன்னார். “இருந்தேன்தானே” என்றார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். வகுப்பில் என் பக்கத்தில் இருந்த கிரேக்கப் பெண், தன் அண்ணனின் வீடியோ விளையாட்டில் ஸ்பெயின் அணி முழுவதும் இருக்கிறதென்றும் எங்கள் கீழ்வீட்டுக்காரர் மட்டும் அதில் இல்லையென்றும் ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். இப்போது என் கையெழுத்தாலேயே நான் அவளை வெல்லவைக்க வேண்டியிருந்தது.

வரலாறு இரண்டு தாள்களில் முடிந்தது. இரண்டாவது தாளின் அடியில் அந்தோனியோ கையெழுத்து வைத்தார். தபாலில் போடும் பொறுப்பையும் என்னிடமே தந்தார். அன்று பின்னேரம் நான் முதலாவது தாளை மட்டும் திரும்ப எழுதினேன். முதலாம் பிரிவுப் பருவத்துக்குக் கீழே, அவர் தேசிய அணிக்குத் தெரிவு செய்யப்பட்டார் என்று ஒரு வரி சேர்த்தேன். கை பழகிவிட்டபடியால் தோளில் பட்ட கோலையும் வலது காலால் அடித்ததாக மாற்றினேன். உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் போட்டேன். பொய் சொன்னேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நியாயமாகக் கிடைக்கவேண்டியதைக் கொடுத்ததாகவே நினைத்தேன்.

ஒரு கிழமைக்குள் புரோசார்டிலிருந்து தொலைபேசி வந்தது. அந்தோனியோ கேக் வாங்கிக்கொண்டு மேலே ஓடிவந்தார். நேரில் வரச் சொன்னார்களாம். மதாம் செக்ரெத்தேரும் வரவேண்டும், எழுத்தில் ஏதும் கேட்டால் விளக்கலாம். சித்தப்பாவும் கூடப் போனால்தான் என்னை விடுவேன் என்று அம்மா சொன்னா. சித்தப்பா அதற்கே காத்திருந்தவர்போல, கோவிலுக்குப் போடும் சட்டையை அழுத்தத் தொடங்கினார்.

சனிக்கிழமை மத்தியானம் மெற்றோவில் நகரத்துக்குள் போய், அங்கிருந்து பாலத்தைக் கடக்கும் பஸ் எடுத்தோம்.

உள்ளரங்கின் ஓரத்தில், றப்பர் மணக்கும் ஒரு சின்ன அறை. பொறுப்பாளர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண். கழுத்தில் விசில் தொங்கியது. எங்கள் மூன்று பேருக்கும் கதிரை போட்டுத் தந்துவிட்டு, என் எழுத்திருந்த தாளைக் கையில் எடுத்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார், தேசிய அணியில் எந்த வருடம் ஆடினீர்கள் என்று.

பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ‘தேசிய அணி’ என்ற சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிழையாக விளங்கிவிட்டது என்று நினைக்கக்கூட வழியிருக்கவில்லை. அந்தோனியோ என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்து நாடாவைப் பார்த்தேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கி, விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். அவ்வளவு மெதுவாக ஒருவர் வாசித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இல்லை” என்றார். “இது சரியில்லை. நான் ஒருபோதும் தேசிய அணியில் இருந்ததில்லை. நான் நன்றாக எழுதவில்லை, மன்னியுங்கள்.”

‘நான் எழுதவில்லை’ என்று அவர் சொல்லவில்லை. ‘நான் நன்றாக எழுதவில்லை’ என்றார். பிறகு விரல் இன்னொரு வரியில் நின்றது. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது.

“இதுவும் பிழை. இது தோள்.”

அந்தப் பெண் தாளைத் திரும்ப வாங்கி ஒரு கோப்புக்குள் வைத்தார். அறிவிப்போம் என்றார். சித்தப்பா ஒன்றும் விளங்காமல் எல்லோருக்கும் மெர்சி சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தோனியோ முன்னால் ஒரு தனி இருக்கையில் போய் இருந்தார். சித்தப்பா என் பக்கத்தில் இருந்தார்.

“என்னவாம், பிள்ளை? ஏன் அண்ணை கதைக்காம இருக்கிறார்?”

சொன்னேன். பாலத்தின் கீழே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக மிதந்தது. அதைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவர் சொன்னவரோ அப்பிடி எழுதச் சொல்லி?”

“இல்லை.”

“அவருக்குத் தெரியுமோ?”

“இல்லை. நானாத்தான் எழுதினன்.”

ஏச்சு விழும் என்று பார்த்திருந்தேன். சித்தப்பா ஏசத் தெரியாதவரல்ல. ஆனால் அவர் முகம் வேறொரு மாதிரிப் போய்விட்டது. முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தோனியோவின் பிடரியைப் பார்த்தபடியே இருந்தார். கட்டடத்து வாசலில் அந்தோனியோ எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “மெர்சி, மதாம் செக்ரெத்தேர்” என்றார். எப்போதும் சொல்கிற அதே குரலில்தான். நான் மூன்று மாடியும் அழுதுகொண்டு ஏறினேன்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்ததும் சித்தப்பா மேசையைத் துடைத்து ஒரு தாளை என் முன்னால் வைத்தார்.

“எழுது. அந்த மனுசிக்கு நீ செய்ததை எழுது. உன்ர பேரும் வயசும் போடு.”

ஒரு பிழை நடந்துவிட்டது என்று தொடங்கினேன். என்ன எழுதினாய் என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

“பிழை இல்லை. பொய். பொய் எண்டு எழுது.”

எழுதினேன். தேசிய அணி என்பது பொய், மிசியே அந்தோனியோ அப்படிச் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியாது, கோல் தோளால் போனது. சித்தப்பாவுக்கு அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை அவருடைய உணவகத்துக்கு விடுமுறை. பள்ளிக்கூடம் போகும் வழியில் என்னையும் கூட்டிக்கொண்டு முதலில் தமிழ்க் கடைக்குள் நுழைந்தார். அங்கே மூன்று நான்கு பேர் நின்றார்கள்.

“எங்கட அந்தோனி அண்ணை ஸ்பெயினில விளையாடினவர். ஸ்பெயினுக்கு விளையாடேல்லை.”

“எல்லாம் ஒண்டுதானே, தம்பி” என்றார் கடைக்காரர்.

“ஒண்டில்லை” என்றார் சித்தப்பா.

பிறகு என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரிந்த அந்த மனிதர் தனியாகப் புரோசார்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் பின்னொரு நாள் அந்தோனியோவுக்குச் சொன்னாராம். ஒரு மெல்லிய மனிதர் வந்து கடிதத்தை நீட்டினார், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை, கடைசி வரி வரைக்கும் தான் வாசித்து முடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றார், முடித்ததும் தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அந்தோனியோவுக்கு வேலை கிடைத்தது. அவர் கேட்ட பெரிய பிள்ளைகளின் குழு கிடைக்கவில்லை. ஐந்து வயதுக் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். நாங்கள் ஒருநாள் பார்க்கப் போனோம். பிள்ளைகள் எல்லோரும் கோல் எந்தப் பக்கம் என்ற கவலையில்லாமல் பந்தை இலையான் மாதிரி மொய்த்தார்கள். நடுவில் அந்தோனியோ ஒரு காலை மடிக்க முடியாமல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்து பறந்து வந்து அவர் தோளில் பட்டது. அவர் என்னைத் தேடிப் பார்த்து, அந்தத் தோளைத் தட்டிக் காட்டினார். இரண்டு வருடங்கள் அங்கே பழக்கினார். பிறகு தாய்க்குச் சுகமில்லை என்று துறைமுக ஊருக்கே திரும்பிப் போனார்.

சித்தப்பாவின் கதை எனக்குத் தெரியவந்தது அதற்கு வெகு காலத்துக்குப் பிறகு, அவருக்குக் குடியுரிமை கிடைத்த அன்று. விருந்துக்கு வந்தவர்கள் போனபின் அப்பா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். சித்தப்பா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி வழக்குக்காக அவருடைய கதையை எங்கள் ஆள் ஒருவர்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாராம். சித்தப்பாவை இராணுவ முகாமில் வைத்து அடித்தது இரண்டு நாள். இரண்டு நாள் என்றால் எடுபடாது என்று அந்த மனிதர், நல்லது செய்வதாக நினைத்து, நாற்பது நாள் என்று எழுதிவிட்டார். சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. விசாரணையில் மூன்றாம் நாள் எங்கே வைத்திருந்தார்கள், பத்தாம் நாள் யார் வந்தார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சித்தப்பா முழுசியிருக்கிறார். அதன் பிறகு, அடித்த அந்த இரண்டு நாளையும் அவர்கள் நம்பாமல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். அந்தோனியோவுக்கு நான் எழுதிக் கொடுத்த காலத்தில், சித்தப்பா இரண்டாம் முறை மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்.

கடிதம் எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. கடிதத்தை ஒரு தரம் வாசித்து முடித்ததும் சித்தப்பா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். “கூட ஒண்டும் எழுதேல்லைத்தானே?” என்று கேட்டார். பிறகு, “குறையவும் இல்லைத்தானே?” என்று கேட்டு மூன்றாம் தரமும் வாசிக்கச் சொன்னார். வகுப்பில் முதலாவதாக வருகிற என்னுடைய பிரெஞ்சில் இவருக்கு நம்பிக்கையில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அதனால் மூன்றாம் தரம் வேண்டுமென்றே சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி, ஒரு சின்னப் பிள்ளைக்கு வாசிப்பதைப் போல வாசித்துத் தமிழிலும் சொல்லிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.