அட்டையில் இல்லாத சுரைக்காய்

காலை ஆறரை மணி. தூக்கம் கலையாமல் உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்கு நின்றிருந்தேன்.

விற்கிற அக்காவுக்குப் பூதலூர்ப் பக்கம். அவர் நிலத்தில் விளைவதைப் பதிந்திருக்கும் விவசாயி அட்டையை வாங்கிப் பார்த்த சந்தை அதிகாரி, "இதுல கத்தரி, வெண்டைதானே இருக்கு. சுரைக்காய் எங்கம்மா வாங்குனீங்க?" என்றார்.

"வாங்கல சார். மாட்டுக்கொட்டகை மேல தானா படர்ந்து காய்ச்சது."

"நாங்க வந்து பார்த்து அட்டையில எழுதணும். அதுவரைக்கும் விக்கக் கூடாது."

"நீங்க வர்றதுக்குள்ள முத்திப் போயிடும் சார்."

அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அக்கா என் பையில் கத்தரிக்காயோடு இரண்டு சுரைக்காயையும் திணித்தார். "விக்கத்தானே கூடாது. சும்மா கொண்டுபோங்க."

மறுக்கத் தெம்பில்லை.

எங்கள் வீட்டில் சுரைக்காயை யாரும் தொட மாட்டார்கள். தஞ்சாவூரில் யாருக்காவது வேண்டுமா? அட்டை கேட்க மாட்டேன்.