பிரேக் பேடில் ஒரு சிவப்புப் பொட்டு

பட்டிமன்ற மேடை எனக்குப் பல பழக்கங்களைத் தந்தது. நிமிர்ந்து நிற்பது, ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்று பேசுவது, கைதட்டல் அடங்கும்வரை அடுத்த வாக்கியத்தைப் பிடித்து வைத்திருப்பது. அவற்றுள் என்னோடு வீடுவரை வந்துவிட்ட பழக்கம் ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும், அதை நான் நம்பினால் சொன்னவருக்கு என்ன கிடைக்கும் என்று முதலில் பார்ப்பது. எதிரணியில் அமர்ந்தவர்கள் அந்தப் பார்வைக்கு அஞ்சினார்கள் என்று நான் சொன்னால் அது தற்பெருமை ஆகாது. அவர்களே சொன்னதுதான். என் அம்மா மட்டும் அஞ்சியதில்லை.

அம்மா ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. நாங்கள் குடியிருப்பது பாளையங்கோட்டையில். அப்பா வளைகுடாவில் வேலை பார்ப்பதால் எங்கள் பழைய வெள்ளைக் கார் முழுவதும் அம்மாவின் ஆட்சியில் இருந்தது. நாள்தோறும் காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். வாழைத்தார் ஏற்றிய லாரிகளும் வைக்கோல் சுமந்த டிராக்டர்களும் முன்னறிவிப்பின்றி நிற்கும் சாலை அது. அந்தச் சாலையில் ஒரு கார் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது எனக்குக் கவலையே அன்று. நிற்குமா என்பதே கவலை.

பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் கீச்சென்று ஓர் ஒலி எழத் தொடங்கியபோது, எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பேடு தேஞ்சு போச்சு டீச்சர். மாத்திரணும்."

"சக்கரத்தக் கழத்திப் பாக்காமலே சொல்லுதியளே அண்ணாச்சி?" என்றேன்.

"பாப்பா, காய்ச்சக்காரன் இருமுனா டாக்டரு நெஞ்சப் பொளந்தா பாக்காரு?"

நான் பட்டப்படிப்பை முடித்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். பதிலுக்குப் பதில் இருந்ததே தவிர, என் கேள்விக்கு விடை இல்லை. மாற்ற வேண்டும் என்று சொல்பவரும் அவர். மாற்றப் போகிறவரும் அவர். வழக்கைத் தொடுத்தவரே தீர்ப்பும் எழுதுகிற இந்த ஏற்பாட்டை நாம் வேறெந்த இடத்தில் ஒப்புக்கொள்வோம்?

அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும், கழற்றிய பழையதைச் செய்தித்தாளில் சுற்றிக் காரின் டிக்கியில் வைத்துவிடுவார். வாடிக்கையாளர்கள் அதை நேர்மையின் அடையாளமாகக் கொண்டாடினார்கள். எனக்கோ அந்தப் பொட்டலத்தின் மீதுதான் ஐயம் அதிகம். அவருடைய பட்டறை மூலையில் கழிவுப் பாகங்கள் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சுற்றிவைத்தால், அது எங்கள் காரிலிருந்து வந்ததா, எவர் காரிலிருந்தோ வந்ததா என்று யார் கண்டார்? கிரீஸ் படிந்த இரும்புக்கு முகம் கிடையாது.

ஆகவே ஒரு முகம் கொடுத்தேன். செய்துங்கநல்லூர் அருகே ஒருநாள் சக்கரத்தில் காற்று இறங்கியது. பஞ்சர் கடைக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு போனார். அம்மா பதநீர் குடிக்கப் போன நேரத்தில், கைப்பையிலிருந்த நெயில் பாலிஷை எடுத்து, பேடின் பின்தகடு காதுபோல் வெளியே நீண்டிருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். இனி அண்ணாச்சி எந்தப் பொட்டலத்தைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துவிடலாம். பொறியை நான் வைத்தது அவருக்காகத்தான்.

ஆனால் கார் அவரிடம் போகவில்லை.

"ஒனக்கு அண்ணாச்சி மேல நம்பிக்கை இல்லன்னா வேற எடத்துல குடுப்போம்" என்றார் அம்மா. "ஸ்ரீவைகுண்டம் ரோட்டுல பெரிய சர்வீஸ் சென்டர் வந்திருக்குல்லா, அங்கன விடுவோம். நம்ம பய போட்டோ போட்டிருக்கான்."

நம்ம பய என்றால் எங்கள் ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து கிளம்பி, நாடறிந்த ஓட்டக்காரராக உயர்ந்தவர். சர்வீஸ் சென்டரின் வாசலில் மாடி உயரத்துக்கு அவருடைய படம் நின்றது. கைகளைக் கட்டிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி, "என் காரை நான் ஒப்படைப்பது இங்கேதான்" என்று சொன்னார்.

"வேகமா ஓடுறதுக்கும் பிரேக்குக்கும் என்னம்மா சம்பந்தம்? நிக்கத் தெரிஞ்ச ஆளக் கூட்டிட்டு வந்து போட்டோ எடுத்திருந்தாலாவது பொருத்தமா இருந்திருக்கும்."

"ஏட்டி, மேடையில பேசுற மாதிரி வீட்டுல பேசாத. அவன் பொய் சொல்ல மாட்டான். எனக்குத் தெரியும்."

அம்மாவுக்குத் தெரிந்த கதை எனக்கும் மனப்பாடம். அந்த ஓட்டக்காரர் பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு போட்டியில் விசில் ஊதியவர் அம்மா. பந்தயம் முடிந்தது, முதலில் வந்தவர் அவர். ஒருவரும் எதையும் கவனித்திருக்கவில்லை. அவராகவே அம்மா முன் வந்து வலக்கையைத் தூக்கி, "டீச்சர், நான் விசிலுக்கு முன்னாலயே கெளம்பிட்டேன்" என்றாராம். எல்லோரையும் கோட்டுக்கு வரவழைத்து மறுபடி ஓடவிட்டார்கள். அந்த முறை அவர் இரண்டாவதாக வந்தார். அன்று தூக்கிய கையை அம்மா அதன்பின் இறக்கவே விடவில்லை. அந்தக் கையை நம்பித்தான் காரைக் கொடுத்தார்.

கார் திரும்பி வந்தபோது பளபளத்தது. உள்ளே மல்லிகை மணம். மிதியடியின் மேல் வெள்ளைத் தாள். கழுத்தில் பட்டை மாட்டிய மேலாளர், முன்சக்கரங்கள் இரண்டின் பேடுகளும் புதிதாக மாற்றப்பட்டன என்றார். பழையவை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் கொடுப்பதில்லை மேடம், கம்பெனி விதி" என்றார், என்னைவிடத் தெளிவான உச்சரிப்பில்.

சில நாள் ஒலி இல்லை. பிறகு வந்தது, முன்னைவிட உரக்க வந்தது. "புதுசுல்லா, பழகணும்" என்றார் அம்மா. மறுநாள் அம்மாவுடன் போகிறேன் என்று ஏறிக்கொண்டு, செய்துங்கநல்லூர் பஞ்சர் கடை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றினார். பேடின் காதில் பொட்டு சூட்டில் சற்றுக் கருத்திருந்தது. ஆனாலும் அது என் சிவப்புதான்.

பொட்டு வைத்த கதையையும், தூசியைத் துடைத்துவிட்டதில்தான் சில நாள் ஒலி அடங்கியிருக்கும் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார்.

"மேனேசர் பய ஏமாத்திட்டான்."

"போட்டோவுல சிரிக்கவரு?"

"அவனுக்கு இது தெரிஞ்சிருக்காது."

"தெரியாததத்தான் தெரிஞ்ச மாதிரி சொல்லியிருக்காரு. அது பொய் இல்லையா?"

அம்மா விரலில் ஒட்டிய கரியைத் துடைத்தார். அண்ணாச்சியிடம் போய் இன்றே மாற்றுவோம் என்றேன். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

"மாத்தப்பிடாது. ஞாயித்துக்கெழம அவன் அந்த சர்வீஸ் சென்டர் விழாவுக்கு வாரான். இப்படியே கொண்டுபோய்க் காட்டுதேன். மாத்திட்டா என்னத்தக் காட்ட?"

ஞாயிறுவரை அம்மாவுக்குப் பள்ளி விளையாட்டு விழாவின் ஒத்திகை. விடுப்பு எடுக்க வழியில்லை. பேருந்தில் போகச் சொன்னேன். மாணவிகளுக்கான வலை, பந்து, கம்பங்களை யார் சுமப்பது என்றார். எனவே நானும் கூடவே போனேன். காரை நிறுத்தும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆனால் அவர் தனியே போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கருங்குளம் தாண்டி ஒரு வாழைத்தார் லாரி சட்டென்று நின்றது. அம்மா மிதித்தார். இரும்பு இரும்போடு உராயும் ஒலி பல்லில் ஏறியது. கார் நின்றபோது எங்கள் கண்ணாடிக்கு மிக அருகில், பச்சை வாழைத்தாரின் முனைப்பூ ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் எனக்குள் சினமாக எழுந்த முகம் மேலாளருடையது அன்று. மாடி உயரத்தில் சிரித்த முகம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதே ஞாயிற்றுக்கிழமை விழாவில் ஒரு பட்டிமன்றம். அதில் பேச நான் முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். "விளையாட்டு வீரருக்குப் புகழ் பரிசே! பொறுப்பே!" என்பது தலைப்பு. எங்கள் துறையில் பேச்சாளர் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை, ஏற்பாட்டாளர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டது "பரிசே" என்னும் அணி.

பேசினேன். நான் ஏற்ற அணிக்குக் குறைவைத்துப் பேசியவள் அல்லள். வியர்வைக்குக் கிடைத்த பரிசின்மேல் சுமையை ஏற்றாதீர்கள் என்றேன். ஓடியவன் காலில் ஊராரின் கடமைகளைக் கட்டாதீர்கள் என்றேன். பந்தல் அதிர்ந்தது. முதல் வரிசையில் அவர் கைதட்டினார். அவருக்குப் பின்னால் அம்மா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

விழா முடிந்து படம் எடுக்கும் நெரிசலில் அம்மா நேரே அவரிடம் போனார்.

"ஏலே, என்னத் தெரியுதா?"

"டீச்சர்!" அவர் குனிந்து காலைத் தொடப் போனார்.

"அது கெடக்கட்டும். பைய வா இங்கன."

காருக்கு அருகில் அழைத்து வந்தார். மேலாளர் பின்னாலேயே வந்தவர், எங்கள் காரைப் பார்த்ததும் யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிவிட்டார். அம்மா பொட்டைப் பற்றியும் லாரியைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார். பிறகு படத்தைச் சுட்டினார்.

"ஒன் காரு இங்கனதான் விடுதியோ?"

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நான் பெங்களூர்லலா இருக்கேன் டீச்சர். இங்கன எனக்குக் காரே கெடையாது. அவங்க எழுதிக் குடுத்தாங்க, நின்னேன்."

"எழுதிக் குடுத்தா நின்னுருவீங்களா?" என்றேன்.

அவர் லேசாகச் சிரித்தார். படத்தில் உள்ள அதே சிரிப்பு. "நீங்களும் குடுத்த அணிக்குத்தானங்க பேசுனிய? இப்பக் கேக்குறதப் பாத்தா அந்தப் பக்கம் இருக்கற மாதிரி தெரியலையே."

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் விடை இருந்தது.

"என்னை இன்ன அணி என்று நடுவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் பேச அழைக்கிறார். கேட்பவர்களுக்கு அது தெரியும். உங்கள் படத்துக்குக் கீழே அப்படி யார் எழுதினார்கள்? என் பேச்சை நம்பி ஒருவரும் பிரேக் இல்லாத காரில் ஏறுவதில்லை."

இதை மேடைத் தமிழிலேயே சொன்னேன். சினம் வந்தால் எனக்கு அந்தத் தமிழ்தான் வரும். இன்றும் அந்த விடை சரி என்றே நினைக்கிறேன். என்றாலும், என் பேச்சுக்குக் கைதட்டிய பந்தலில் எத்தனை பேர் நடுவர் சொன்னதை நினைவில் வைத்திருந்தார்கள் என்று அவ்வப்போது எண்ணிப் பார்ப்பதுண்டு.

அவர் என்னை விட்டுத் திரும்பினார். அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலக்கையைத் தோள்வரை உயர்த்தினார். சுற்றிலும் கைப்பேசிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. கூட்டத்துக்குக் கையசைக்கிறார் என்று எண்ணிச் சிலர் பதிலுக்குக் கையசைத்தார்கள்.

"தப்புதான் டீச்சர். அந்தப் போட்டோவ அங்கருந்து எடுத்திரச் சொல்லுதேன்."

அம்மா கார் சாவியை எடுத்தார்.

அங்கிருந்து நேரே அண்ணாச்சியின் பட்டறைக்குப் போனோம். ஞாயிறு மாலை என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். பேடு நாணயத்தின் கனத்துக்குத் தேய்ந்து, ஒரு முனையில் பின்தகடே வெளித்தெரிந்தது. முன்பே சொன்னேனே என்று அவர் ஒருமுறை சொல்லவில்லை; நாலைந்து முறை சொன்னார். அவர் உண்மையாகவே அறிந்து சொன்னாரா, எல்லாக் கார்களுக்கும் சொல்வதைத்தான் எங்களுக்கும் சொன்னாரா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. ஒருமுறை பலித்த சொல் மறுமுறைக்குச் சாட்சி ஆகாது. எனவே அம்மா முக்காலியை இழுத்துச் சக்கரத்தின் அருகிலேயே அமர்ந்துகொண்டார், நான் நின்றேன். பழையவற்றைச் செய்தித்தாளில் சுற்றி அவர் டிக்கியில் வைத்தபோது பிரித்துப் பார்த்தேன். பொட்டு இருந்தது. பிறகு கைப்பையைத் திறந்து, புதிய பேடின் காதிலும் ஒரு பொட்டு வைத்தேன்.

அண்ணாச்சி துணியில் கையைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"செவப்பே வைக்கியளே பாப்பா. கலர மாத்துங்க. அடுத்த தடவ புதுசு எது பழசு எதுன்னு நீங்களே கொழம்பிருவிய."

நியாயமான யோசனை. அதனாலேயே அதில் என்ன உள்நோக்கம் இருக்கக்கூடும் என்று வழி முழுவதும் சிந்தித்தேன். மறுநாள் நீல நிற நெயில் பாலிஷ் வாங்கினேன்.

அந்தப் படம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மழையில் ஒரு முனை கிழிந்தது, புதிதாக ஒட்டினார்கள். அவர் சொல்லியும் சர்வீஸ் சென்டர்க்காரர்கள் எடுக்கவில்லையா, அவர் சொல்லவே இல்லையா? முதலாவதை அம்மா நம்ப விரும்புகிறார். இரண்டாவது என் கட்சி. விடுமுறையில் நான் உடன் போகும் நாள்களில், அந்த இடம் வந்ததும் அம்மா பிரேக்கை மெல்ல மிதித்து ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். ஒலியே இல்லாமல் வேகம் குறையும்.

சென்ற வாரம் நானே கேட்டேன். "அன்னைக்குக் கை தூக்குனாரே, இன்னும் அவர நம்புதியளா?"

அம்மா கியரை மாற்றினார்.

"கை தூக்கிட்டான். இன்னும் கோட்டுக்குத் திரும்பி வரல."