தண்ணீர் கேட்காத பேட்டரி

பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டியது எங்கள் ஸ்கெலட்டன் குடியிருப்பு. அங்கே எங்கள் வீட்டு விளக்கெல்லாம் சோலாரில்தான் எரிகிறது. அக்கா இறந்த பிறகும் அவள் கணவர், எங்கள் மாமா, பழைய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மாதாமாதம் கோலாரிலிருந்து வருவார். போன வருடம் அதை எடுத்துவிட்டுப் புது லித்தியம் பேட்டரி வைத்தேன்.

“இனிமே தண்ணியே ஊத்த வேணாம் மாமா. உங்களுக்கு அலைச்சல் மிச்சம்” என்றேன் பெருமையாக.

கையில் கேனோடு நின்றவர், “அப்போ நான் வரட்டுமா?” என்று செருப்பைத் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மா வெளியே வந்தாள். “இன்னா மாப்ள, கெளம்பிட்டீங்க? சயனைடு மேட்டு மண்ணு பூரா பேனல் மேல கெடக்குது. யாரு தொடைக்கிறது?”

காலையில்தான் நான் துடைத்திருந்தேன். ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மேலே ஏறிய மாமா, பளபளத்த பேனலை நெடுநேரம் துடைத்தார்.

அதன் பிறகு நான் பேனலைத் துடைப்பதே இல்லை.