இரண்டு தடவை அரைத்தது

என் அக்கா மாட்டிறைச்சிக் கடையில் அரவை மெஷின் பார்ப்பவள். பதினாறு வருடமாக. எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. தெருவில் அப்படித்தான் பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு வாயில் நல்லா வருகிறது.

அத்தானுக்குத் தாடையில் கட்டி. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். கஞ்சி குடித்தே ஆள் பாதியாகிவிட்டார்.

"ரத்தம் ஏழுதான் இருக்கு. பத்து வந்தாத்தான் ஆபரேஷன்," என்றார் டாக்டரம்மா. "மாட்டுக்கறி குடுங்க. இரும்புச்சத்து, புரதம் ரெண்டும் இருக்கு. உடம்புல நல்லா சேரும்."

அன்றிலிருந்து அக்கா தினமும் தொடைக்கறியில் கொழுப்பை எடுத்துவிட்டு, மெஷினில் இரண்டு தடவை விட்டு, கால் கிலோ கொண்டுவருவாள். வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைய வேகவைப்பாள். ஒரு நாள் மிளகு போட்டு சூப், ஒரு நாள் உருளைக்கிழங்கோடு மசியல், ஒரு நாள் முட்டை அடித்து ஊற்றி. சின்ன ஸ்பூனால் ஒரு மணி நேரம் ஊட்டுவாள்.

"பாரு மச்சினி, இன்னும் கொஞ்ச நாள்ல நானே 'அம்மா'ன்னு கத்தப்போறேன்," என்பார் அத்தான், திறந்தும் திறக்காத வாயால். நான் சிரிப்பேன். அக்கா அடுத்த ஸ்பூனை நீட்டுவாள்.

எட்டு, எட்டரை, ஒன்பது. மூன்றாவது மாதம் பத்து புள்ளி ஒன்று. அந்தச் சீட்டை அக்கா மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் போனவர் கண் திறக்கவே இல்லை.

அவள் அழவில்லை. "அழுது தொலையேன்க்கா!" என்று நான்தான் கத்தினேன்.

"வரலைடி. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். மூன்றாவது வாரம் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளைக் கூட்டிவரக் கடைக்குப் போனேன். ஒரு அம்மாள், உருண்டை பொரிக்க வேண்டுமென்று, கால் கிலோ தொடைக்கறி கேட்டார். அக்கா அரைத்தாள். விழுந்ததை அள்ளி மறுபடியும் மெஷினில் போட்டாள்.

"ஐயையோ, என்னம்மா இது! ஒரு தடவை போதுமே. எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு இருக்கு," என்று அவர் சிரித்தார்.

அக்கா மெஷினை நிறுத்தினாள். "கை தானா போயிடுச்சு," என்றாள். வேறு கறி எடுத்து ஒரு தடவை மட்டும் அரைத்துக் கொடுத்தாள். முன்னதைப் பொட்டலம் கட்டித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். வெங்காயம்கூட அரிந்துவிட்டாள். பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதை யாருடி சாப்பிடுவா?"

வெங்காயத்தை நான் வதக்கினேன். கறியை வாங்கிச் சட்டியில் போட்டேன். வெந்ததும் இரண்டு பேரும் ஸ்பூனாலேயே சாப்பிட்டோம்.