சோணையண்ணனின் வரிகள்

1969 ஆகஸ்டில் காரைக்குடி அகிலாண்டேஸ்வரி அச்சகத்தில் நடந்த பேச்சு இது. நான் அங்கே ஆங்கிலப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகத்திலிருந்து ஒரு வாரப் பத்திரிகையும் வந்துகொண்டிருந்தது. முதலாளி ஒரு கடிதத்தோடு வந்து, அச்சுக் கோக்கும் சோணையண்ணன் பக்கத்தில் நின்றார்.

“மெட்ராஸ் பேப்பர்ல இருந்து எழுதியிருக்காக. நம்ம பத்திரிகையில ‘ஊர்ப்பேச்சு’ எழுதுறது யாருன்னு கேக்குறாக. வேலைக்கு வேணுமாம்.”

சோணையண்ணன் கை நிற்கவில்லை. “என்ன பதில் எழுதுனீக மொதலாளி?”

“நம்ம பெத்தாச்சின்னு எழுதிட்டேன்.”

பெத்தாச்சி, முதலாளி சுவீகாரம் எடுத்த பிள்ளை. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தார்.

“எழுதுனது அவுகதான்னு அவுகளுக்கே தெரியுமா?”

முதலாளி சிரித்துவிட்டார். “லொள்ளப் பாரு. அந்தப் பேப்பர் மொதலாளி எங்க கோயில் பங்காளி. எங்க வீட்டுப் பிள்ளைன்னா ஒடனே சேத்துக்குவாரு. உன்னைய யாருக்குத் தெரியும்? அவன் போய் உக்காரட்டும். ஆறு மாசத்துல உன்னையும் கூப்பிட்டுக்குவான். அதுவரைக்கும் வாரா வாரம் எழுதி அனுப்பு.”

“சரிங்க” என்றார் சோணையண்ணன்.

மறுத்திருந்தாலும், எழுதியது தான்தான் என்பதற்கு அவரிடம் ஆதாரம் கிடையாது. ‘ஊர்ப்பேச்சு’க்குக் கையெழுத்துப் பிரதியே இருந்ததில்லை. மனதில் ஓடுவதை நேராக ஈய எழுத்தில் கோத்துவிடுவார். அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டுவிடுவார். கட்டுரைக்குப் பெயர் போடும் வழக்கமும் இல்லை.

கோவிலூர்ப் பக்கத்தில் சம்சாரி வீட்டில் பிறந்து, எட்டாவது வரை படித்தவர். பாங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது தப்பு, மானியம் தருவதாக ராஜாக்களுக்குக் கொடுத்த வாக்கை மீறக்கூடாது என்றெல்லாம் எழுதினார். “உங்களுக்கு எந்த பாங்குல கணக்கு இருக்குண்ணே?” என்று ஒருமுறை கேட்டேன். “எனக்கு இல்லேன்னா அடுத்தவன்கிட்ட புடுங்கலாமா தங்கச்சி?” என்றார். அதை உண்மையாகவே நம்பினார்.

பெத்தாச்சி மெட்ராஸில் பங்காளி வீட்டிலேயே தங்கினார். மறுவருஷம் ரேடியோவில் பேசினார். பிறகு அவர் கட்டுரைகள் ஆங்கிலப் பத்திரிகையிலும் மொழிபெயர்ப்பாக வந்தன. பழமையின் பக்கம் நின்று பேசும் துணிச்சல்காரர் என்று பெயர் எடுத்தார். சோணையண்ணன் இப்போது காகிதத்தில் எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டேஷனில் தபால் போட்டார். மெட்ராஸுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையை அவர் மனைவி சின்னத்தாயி பொங்கலுக்குப் பொங்கல் துவைத்து மடித்து வைத்தாள். ஆறு மாதம் ஐந்து வருஷமாகியும் அழைப்பு வரவில்லை.

1974இல் ஒரு விழாவுக்குப் பெத்தாச்சி ஊருக்கு வந்தார். சோணையண்ணன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பேச்சு முடிந்ததும் கார் பக்கத்தில் போய் நின்றார்.

“என்ன சோணை, சௌக்கியமா?”

“இருக்கேங்க. மெட்ராசுக்கு…”

“அங்க வந்து நீ என்ன செய்வ? ஊரே ஒனக்கு நல்லது. கட்டுரைய மட்டும் வியாழக்கிழமையே போட்டுரு.”

கார் போய்விட்டது. அதற்குப் பிறகு சோணையண்ணன் எதுவும் எழுதி அனுப்பவில்லை. அங்கே வேறு யாரோ எழுதத் தொடங்கியிருக்க வேண்டும். பெத்தாச்சியின் கட்டுரை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

சில மாதம் கழித்து அச்சகத்துக்கு ஓர் ஆங்கிலப் புத்தகம் வந்தது. பெத்தாச்சியின் கட்டுரைத் தொகுப்பு. சோணையண்ணன் அட்டைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மையேறிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் என் மேசையில் வைத்தார்.

“இதுல எது எது என்னோட வரின்னு அடியில கோடு போட்டுக் குடுக்குறீகளா தங்கச்சி?”