சட்டியில் பிரட்டிய சோறு

எங்கள் வீட்டில் அரிசி அளக்கப் பால் டின்தான். தேத்தண்ணீருக்கு வாங்கும் கெட்டிப்பால் டின் காலியானதும், மூடியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைத் தட்டிச் சமனாக்கி, அரிசி டிரம்முக்குள் போட்டுவிடுவோம். எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எந்த வீட்டு டிரம்மைத் திறந்தாலும் அப்படியொரு டின் கிடக்கும். பகலுக்கும் இரவுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு டின், பிள்ளைகளுக்கு அரை அரை, அதற்கு மேல் வருகிறவர்களுக்கென்று ஒரு டின். யார் வருவார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. யாராவது வருவார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பானையின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு அதைவிட மானக்கேடு வேறில்லை.

என் கணவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். கல்யாணத்தன்று மாலையைப் போட்டபோது அது அவர் தோளில் நிற்காமல் வழிந்தது, அவ்வளவு ஒல்லி. இரண்டே வருஷத்தில் ஆளை மாற்றிவிட்டேன். சட்டைப் பொத்தான் தெறிக்க ஆரம்பித்தது. காப்பாரிலிருந்து வந்த அவருடைய தங்கை, என் நாத்தனார், வாசலில் நின்றபடியே, "அண்ணி, உங்க கைப்பக்குவத்துலதான் எங்கண்ணன் ஒரு ஆளா ஆயிருக்காரு!" என்றாள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. கணவனின் தொந்திதான் மனைவிக்குக் கிடைக்கும் நற்சான்றிதழ் என்று நம்பிய காலம் அது. எனக்கு அந்தச் சான்றிதழ் முதல் வகுப்பில் கிடைத்திருந்தது.

நாங்கள் பரிமாறுகிற அழகையும் சொல்ல வேண்டும். முதல் தடவை "போதும்" என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாம் தடவை சொன்னால் கூச்சம். கையை விரித்துத் தட்டை மறைத்தால்தான் உண்மையிலேயே வேண்டாமாம். அப்போதும் விரலிடுக்கில் அரைக் கரண்டி போடாமல் நான் விட்டதில்லை. அடித்துச் சண்டை போட்ட மாதிரிதான் எங்கள் வீட்டில் விருந்து நடக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கிள்ளானுக்கு மாற்றலானது. அங்கே வந்த புதிதில் பூட்ஸ் கடித்த ஒரு புண், இடது கால் கட்டைவிரலில். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. அரசாங்க கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, என்றார். சோற்றைப் பாதியாகக் குறைக்காவிட்டால் புண்ணும் ஆறாது, காலுக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். பழைய பட்டறையில் அவரோடு வேலை செய்தவருக்கு இதே வியாதியில்தான் முழங்காலோடு காலை எடுத்தார்கள். அவரைப் பார்க்க மருத்துவமனைக்கு நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. என் கையால் வளர்த்த தொந்தி, என் கையாலேயே அவர் காலைப் பறித்துவிடும் என்று பயந்துபோனேன்.

அன்றிலிருந்து நான் போலீஸ்காரி ஆனேன். அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு, மீதி இடமெல்லாம் கீரையும் காயும். "இன்னும் கொஞ்சூண்டு" என்று ஏக்கமாகப் பார்ப்பார். காது கேளாதவள் போலத் திரும்பிக்கொள்வேன். விசேஷ வீடுகளில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பரிமாற வருகிறவர்களைக் கண்ணாலேயே விரட்டினேன். புண் ஆறியது. ஆளும் இளைத்தார், கன்னம் ஒட்டியது, பொத்தானெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பியது.

யாராவது என்னைப் பாராட்டுவார்கள் என்று நினைத்தது என் தப்பு. நாத்தனார் மகளின் சடங்குக்குக் காப்பாருக்குப் போயிருந்தோம். பந்தலில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவள் சொன்னாள்:

"என்ன அண்ணி, எங்கண்ணன் எலும்பும் தோலுமா ஆயிட்டாரு? வீட்டுல சோறு போடுறீங்களா இல்லையா? நீங்க மட்டும் நல்லாத்தான் இருக்கீங்க லா!"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவர் என்ன செய்வார் பாவம். அவள் குத்தலாகச் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது எனக்கே அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். நான் அவர் தட்டில்தான் குறைத்தேனே தவிர, பானையில் குறைக்கவில்லை. அதே நான்கு டின். எங்களுக்கு இரண்டு, மகள்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்று, வருகிறவர்களுக்கு ஒன்று. டிரம்முக்குள் கையை விட்டால் நான்கு தடவை மொள்ளாமல் வெளியே வராது. அதைக் குறைப்பது வீட்டுக்கே குறைச்சல் என்று மனதுக்குள் ஒரு எண்ணம். அவர் சாப்பிடாத அந்தப் பாதி எங்கே போகும்? சோற்றைக் கொட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மகள்களும் அவரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் பலகையைப் போட்டு உட்காருவேன். கோழி பிரட்டிய சட்டி அடுப்பில் அப்படியே இருக்கும், அடியில் மசாலா பிடித்து, ஓரத்தில் எண்ணெய் ஒதுங்கி. அதில் மிச்சச் சோற்றைத் தட்டி, நன்றாகப் பிரட்டி, சட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன். எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன், அந்த ருசி எங்கேயும் கிடைத்ததில்லை. இதை எழுதும்போதும் நாக்கில் நீர் ஊறுகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று யாரும் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. தட்டில் போட்டுச் சாப்பிட்டால்தானே சாப்பாடு, சட்டியில் சாப்பிடுவது சட்டி கழுவுகிற வேலையோடு சேர்ந்தது. சின்ன வயதிலிருந்து என்னைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லாருமே கடைசியில், சட்டியில்தான் சாப்பிட்டார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. ரவிக்கைக்கு இரண்டு பக்கமும் பிரித்து விட்டாயிற்று, பிரிக்க இனித் துணியில்லை. மாடிப்படி ஏறினால் முழங்கால் கெஞ்சியது. தண்ணீர் குடித்துக் குடித்துத் தாகம் அடங்கவில்லை. கிள்ளான் வெயிலின் மேல் பழியைப் போட்டேன்.

ஒரு நாள் அவருடைய மாதாந்தரச் சோதனைக்காகக் கிளினிக்குக்குப் போயிருந்தோம். அன்று கூட்டமில்லை. எடை பார்க்கிற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், நம் தமிழ்ப்பெண். அவரை நிறுத்துவிட்டு, "அங்கிள் ரொம்ப நல்லா குறைச்சிருக்கீங்க," என்றாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆன்டி, நீங்களும் ஒரு தரம் ஏறுங்க லா."

"எனக்கு எதுக்கும்மா? வியாதி அவருக்குத்தான்."

"சும்மா ஏறுங்க, காசா பணமா?"

ஏறினேன். முள் போய்க்கொண்டே இருந்தது. என் கணவரின் எடையை அது தாண்டியபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். மிஸ்ஸி என் விரலைப் பிடித்து ஊசியால் குத்தினாள். சற்று நேரம் கழித்து டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். முதன்முதலில் என் கணவருக்கு இருந்ததைவிட என் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்:

"நீ எப்ப சாப்பிடுவே?"

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துக் கேட்ட கேள்வி. எனக்குக் கோபம்தான் வந்தது.

"எப்ப சாப்பிடுவேனா? நீங்கெல்லாம் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தான். வேற எப்ப?"

"எவ்ளோ சாப்பிடுவே?"

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அவர் குரலும் குற்றம் சொல்கிற குரலாக இல்லை. "என் பங்கையும் சேர்த்து நீ தின்னுருக்கேம்மா. நான் கவனிக்கவே இல்ல," என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. பட்டறையில் கை நசுங்கியபோதுகூட அழாத மனிதர்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல அவருக்குத் தட்டை வைத்தேன். கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். உப்புக் காரம் சரியில்லையா என்று கேட்டேன்.

"உன் தட்டு எங்க?"

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா..."

"நீ வந்து உட்காரு. அப்பத்தான் நான் சாப்பிடுவேன்."

பிடிவாதத்தில் நான் ஒன்றும் குறைந்தவளில்லை. அடுப்படியிலேயே நின்றேன். அவரும் அசையவில்லை. குழம்பு ஆறி ஆடை கட்டியது. பெரிய மகள்தான் எழுந்துபோய் ஒரு தட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் தட்டில் இருந்த அளவே எனக்கும் ஒரு கரண்டி. தட்டில் போட்ட சோற்றை எதிரே வைத்துப் பார்த்தபோதுதான், தினமும் சட்டியில் எவ்வளவு சாப்பிட்டிருக்கிறேன் என்று புரிந்தது. பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அன்றைக்கு எனக்குப் பசி அடங்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அடங்கவில்லை. ஆனால் ஒரு நாள்கூட நான் உட்காராமல் அவர் கை வைக்கவில்லை.

பானை விஷயத்தில்தான் பெரிய சண்டை. "ரெண்டு டின் போதும்," என்றார்.

"திடீர்னு யாராச்சும் வந்துட்டா?"

"வந்தா அப்ப ஆக்கலாம். அரிசி எங்க ஓடியா போவுது?"

இரண்டு டின் போட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை. நான் பயந்தது அப்படியே நடந்தது. சோறு வடித்து முடிக்கவும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். காப்பாரிலிருந்து நாத்தனாரும் அவள் கணவரும், ஒரு கூடை மீனோடு. அவள் நேராக அடுப்படிக்கு வந்து பானையைத் திறந்து பார்த்தாள்.

"என்ன அண்ணி, பொம்ம வீட்டுச் சமையலா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் உள்ளே வந்தார். அடுப்படிக்கு அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. டிரம்மைத் திறந்து, டின்னை எடுத்து, அரிசியை அளந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று கழுவ ஆரம்பித்தார். பாதி அரிசி தண்ணீரோடு போனது வேறு கதை.

"அண்ணே! நீங்க எதுக்குண்ணே இதெல்லாம்?" என்று நாத்தனார் பதறினாள்.

"உங்கண்ணிக்கும் இனிப்புநீர் வந்துருச்சு. மருந்து போட்டிருக்கா, நேரத்துக்குச் சாப்பிடணும். அவ சாப்பிடட்டும். நமக்கு இருபது நிமிஷத்துல வெந்துரும்."

வந்தவர்கள் பசியோடு காத்திருக்க, முதல் தட்டு எனக்கு. இதைவிட என்னை அவர் தெருவில் நிறுத்தியிருக்கலாம் என்றுதான் அந்த நிமிஷம் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். நாத்தனார் எதிரே உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஏதாவது குத்தலாகச் சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அண்ணி," என்றாள் மெதுவாக. "நீங்களும் சட்டியிலதான் சாப்பிடுவீங்களா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பருமன். வந்ததிலிருந்து மூன்று குவளை தண்ணீர் குடித்திருந்தாள், அதையும் அப்போதுதான் கவனித்தேன்.

அடுத்த கிளினிக் நாளன்று அவளும் வந்தாள். "செருப்போட ஏறலாமா அண்ணி?" என்று கேட்டாள். கழற்றச் சொல்லி, அவள் செருப்பையும் கைப்பையையும் நான் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முள் ஓடும்போது அவள் என் தோளை அழுத்திப் பிடித்தாள். அன்றோடு எங்கள் பகை தீர்ந்தது.

அந்த மிஸ்ஸிக்கு நான் ஒரு நாள்கூட நன்றி சொல்லவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சும்மா ஏறுங்க என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால், என் கால் இன்றைக்கு எங்கே இருந்திருக்குமோ. அவள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

என் கணவர் தொண்ணூறுகளின் கடைசியில், இரண்டு கால்களோடும் நடமாடிக்கொண்டிருந்தபோதே, மாரடைப்பில் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகள்கள் உட்பட எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும். அடுப்பில் கோழி பிரட்டிய சட்டி. அடியில் மசாலா பிடித்து, ஓரத்தில் எண்ணெய் ஒதுங்கி, அதே வாசனை. பார்க்க யாருமில்லை. சட்டியை இறக்கி மடியில் வைத்துவிட்டேன். சோற்றைப் போடக் கரண்டியையும் எடுத்துவிட்டேன்.

பிறகு எழுந்துபோய், மேசையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் என் தட்டை வைத்து, ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.